உச்சந்தலையில் ஓர் ஆணி

நகை வாங்க வெளியே போக வேண்டும் என்கிறாள் மனைவி. இப்போது வேண்டாம் என்கிறான் கணவன். சண்டை அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணின் கண்கள் விரிகின்றன; குரல் தடிக்கிறது; கனமான கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். அதுவரை மலையாளம் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று தமிழில் சீறுகிறாள். 1993 டிசம்பரில் வெளியான ‘மணிச்சித்ரதாழ்’ படத்தின் இந்தக் காட்சியில் ஒரு கணமாவது மிரளாத மலையாளிகள் குறைவு. கங்கா என்ற அந்த மனைவியாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 30 ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், புதுப்பிக்கப்பட்ட பிரதி மறுபடியும் தியேட்டர்களுக்கு வந்தது.

கேரளம் முழுவதையும் பயமுறுத்திய அந்தக் குரல், திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் வேறு மாதிரி ஒலித்திருக்க வேண்டும். பாறசாலை, இஞ்சிவிளை, தனுவச்சபுரம், காரக்கோணம், வெள்ளறடை, பொழியூர் என்று எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் தமிழ் ஆவியின் மொழி அல்ல. அடுத்த வீட்டு மொழி. பல வீடுகளில் அடுக்களை மொழியும் அதுதான். பாறசாலையில் பஸ் ஏறினால் சில நிமிடங்களில் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. அதே சாலையில் மார்த்தாண்டம் தாண்டிப் போனால் தக்கலை. அருகிலேயே பத்மநாபபுரம் அரண்மனை. ‘மணிச்சித்ரதாழ்’ படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்ட இடம் அது. நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லி நடமாடிய அந்தத் தளங்கள் பாறசாலைக்காரர்களுக்கு ஒரு மணி நேர பஸ் பயணம்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கிடைக்கவில்லை. கோடு விழுந்தது, கல்யாணங்கள் நிற்கவில்லை. இன்றும் விளவங்கோட்டுப் பெண் நெய்யாற்றின்கரைக்கு வாழ்க்கைப்படுகிறாள். பாறசாலைப் பெண் குழித்துறைக்குப் போகிறாள். மாமியாரிடம் ஒரு மொழி, அம்மாவிடம் போனில் வேறொரு மொழி என்று இரண்டு நாக்கோடு குடும்பம் நடத்தும் பெண்கள் இங்கே சாதாரணம்.

இந்த எல்லையில் நின்று பார்த்தால்தான் அந்தப் படத்தின் ஒரு விஷயம் உறைக்கும். மலையாளத்தில் கோபப்படும் மனைவி தமிழ் பேசினாள். அதே கதை 2004-ல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆனபோது அவள் தெலுங்கு பேசினாள். 2005-ல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோதும் தெலுங்குதான். 2007-ல் இந்தியில் ‘பூல் புலையா’ என்று எடுத்தபோது வங்காளம். நான்கு மொழி ரசிகர்களுக்கும் ஒரே ஏற்பாடு. நம் வீட்டு மனைவி நம் மொழியில் கணவனை எதிர்த்து நிற்க மாட்டாள்; அப்படி நின்றால் அது அவளாக இருக்க முடியாது; யாரோ அடுத்த ஊர்க்காரி உள்ளே புகுந்திருக்கிறாள். புகுந்தவளை விரட்டினால் பழைய மனைவி திரும்பக் கிடைப்பாள்.

கல்யாணத்தையும் பயத்தையும் முடிச்சுப் போட்டுப் படம் எடுப்பதில் அமெரிக்கர்கள் வேறொரு வழியில் போனார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அங்கே நகரங்களுக்கு வெளியே வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடுகள் முளைத்தன. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1947-ல் தொடங்கிய லெவிட்டவுனில் மட்டும் சுமார் 17,000 வீடுகள். புல்வெளி, கார், குளிர்பதனப் பெட்டி, மாலையில் ரயிலில் வீடு திரும்பும் கணவன், வாசலில் சிரித்து நிற்கும் மனைவி. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த பெயரில்லாத புழுக்கத்தைப் பற்றி 1963-ல் பெட்டி ஃபிரீடன் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஐரா லெவின் அதே புழுக்கத்தைத் திகில் கதையாக்கினார். ‘தி ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்’ என்ற அந்த நாவல் 1972-ல் வந்தது. பிரையன் ஃபோர்ப்ஸ் இயக்கிய படம் 1975-ல்.

கதை எளிது. ஜோவன்னா புகைப்படக் கலையில் ஆர்வமுள்ளவள். கணவன், குழந்தைகளுடன் நியூயார்க்கை விட்டு ஸ்டெப்ஃபோர்ட் என்ற அமைதியான ஊரில் குடியேறுகிறாள். அங்கே எல்லா மனைவிகளும் அழகாக இருக்கிறார்கள். எந்நேரமும் வீட்டைத் துடைக்கிறார்கள். துணிக்குக் கஞ்சி போடும் ஸ்பிரேயைப் பற்றி மனம் உருகிப் பேசுகிறார்கள். கணவன்மார்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பெண்களுக்கு அதில் இடமில்லை. ஜோவன்னாவைப் போலவே வாயாடியாக இருந்த சிநேகிதி ஒரு வார இறுதி கழிந்ததும் பளபளப்பான இல்லத்தரசியாக மாறி நிற்கிறாள். கடைசியில்தான் தெரிகிறது, சங்கத்து ஆண்கள் மனைவிகளைத் தீர்த்துவிட்டு அதே உருவத்தில் இயந்திரப் பெண்களைச் செய்து வைத்துக்கொள்கிறார்கள் என்பது. முடிவுக் காட்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட். நீண்ட கவுன் அணிந்த மனைவிகள் தள்ளுவண்டியோடு மெல்ல நகர்ந்து ஒருவருக்கொருவர் நலம் விசாரிக்கிறார்கள். ஜோவன்னாவும் அங்கே இருக்கிறாள். அவள் இப்போது எதையும் எதிர்ப்பதில்லை.

பெண் விடுதலை பேசிய சிலருக்கே அப்போது படம் பிடிக்கவில்லை. ஆனால் ‘ஸ்டெப்ஃபோர்ட் மனைவி’ என்பது ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. 2004-ல் நிக்கோல் கிட்மன் நடிக்க அதையே நகைச்சுவையாகத் திரும்ப எடுத்தார்கள். 2022-ல் வந்த ‘டோன்ட் வொரி டார்லிங்’ படத்தில் கணவன் மனைவியைக் கட்டிலில் கிடத்தி, 1950-களின் ஊர் போன்ற ஒரு கற்பனை உலகத்தில் அவள் நினைவைச் சிறைவைக்கிறான். காலம் மாறினாலும் இந்தப் படங்களில் ஒன்று மாறவில்லை. பார்வையாளன் மனைவியின் பக்கம் நின்று பயப்படுகிறான். பயம் வருவது அடங்காத பெண்ணிடமிருந்து அல்ல. அடங்கிவிட்ட பெண்ணைப் பார்த்துத்தான் உடல் சில்லிடுகிறது.

நம் படங்களில் வீடு முழுவதும் மனைவியைப் பார்த்துப் பயப்படுகிறது. ‘மணிச்சித்ரதாழ்’ கெட்டிக்காரத்தனமான படம். பேயை நம்பச் சொல்லாமல் மனநோய் என்று விளக்கம் தந்த படம். கங்காவின் பால்யத்தையும் தனிமையையும் அது தொட்டுக் காட்டுகிறது. அவளுக்குள் இருக்கும் நாகவல்லியும் காரணமில்லாமல் சீறவில்லை. சங்கரன் தம்பி என்ற காரணவர் அவளைத் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார். எதிர் வீட்டு ராமநாதனை அவள் காதலித்தாள் என்பதற்காகக் கொன்றுவிடுகிறார். டாக்டர் சன்னி செய்யும் சிகிச்சையும் நியாயமானது. காரணவரின் பொம்மையை வெட்ட அவளை அனுமதிக்கிறார். அவளுக்குச் சேர வேண்டிய பழி ஒரு பொம்மையிடம் தீர்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் படம் எதைக் குணம் என்று சொல்கிறது? கங்கா எதுவும் நினைவில்லாமல் கண் விழித்துக் கணவனோடு ஊர் திரும்புகிறாள். வேலையிலேயே மூழ்கிக் கிடந்த அந்தக் கணவனுக்கு எந்த வைத்தியமும் தேவைப்படவில்லை.

இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வழி அல்ல. பாறசாலை வழியாகச் செல்லும் அந்தப் பழைய சாலையே இதற்குச் சாட்சி. திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடையே காட்டுவழியாக இருந்த காலத்தில் ஒரு யக்ஷி ஆட்களை மறித்தாள் என்பது கதை. வெள்ளைப் புடவை, அவிழ்ந்த கூந்தல், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் குரல். நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலி என்றும் பஞ்சவன்காட்டு நீலி என்றும் அவளுக்குப் பெயர்கள். சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் (1891) தொடங்குவதே பஞ்சவன்காட்டில்தான். நெய்யாற்றின்கரையில் எதிரிகளிடமிருந்து இளவரசன் மார்த்தாண்டவர்மா ஒளிந்த பலாமரத்தை ‘அம்மச்சிப் பிலாவு’ என்று காட்டுகிறார்கள். அரச கதைகளுக்கும் யக்ஷி கதைகளுக்கும் இங்கே ஒரே வழித்தடம்.

அந்த யக்ஷியை அடக்க வந்தவர் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுத்து வெளியிட்ட ‘ஐதிஹ்யமாலை’யில் கத்தனார் கதைகள் உண்டு. கத்தனார் யக்ஷியின் உச்சந்தலையில் ஓர் இரும்பு ஆணியை அடித்தார். உடனே அவள் சாதாரணப் பெண்ணானாள். சொன்ன வேலையைச் செய்தாள். அவளைக் காயங்குளத்தில் தெரிந்தவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அந்த வீட்டுக் கிழவி அவளுக்குத் தலைவாரிவிடும்போது கையில் ஏதோ நெருடியது. ஐயோ பாவம் என்று ஆணியைப் பிடுங்கினாள். யக்ஷி மறைந்துபோனாள். பிறகு கத்தனார் அவளைத் தேடிப் பிடித்து, பனையன்னார்காவில் அடக்கி வைத்தார் என்று கதை முடிகிறது.

ஸ்டெப்ஃபோர்ட் ஆண்களின் தொழிற்சாலையைவிட இது சிக்கனமான தொழில்நுட்பம். ஓர் ஆணி போதும். பயங்கரமான பெண் பணிவான பெண்ணாகிவிடுகிறாள். வித்தியாசம் கேட்பவனின் இடத்தில் இருக்கிறது. லெவினின் வாசகன் இயந்திரத்தைப் பார்த்து நடுங்குகிறான். கத்தனார் கதையைக் கேட்கும் குழந்தை ஆணி அடித்ததும் நிம்மதியாகத் தூங்குகிறது. சோற்றானிக்கரை பகவதி கோயிலின் கீழ்க்காவில் பேயோட்ட வந்தவர்கள் அடித்த ஆணிகளைச் சுமந்தபடி ஒரு பாலமரம் இன்றும் நிற்கிறது.

எல்லைக்குத் தெற்கே அதே பெண்ணுக்கு வேறு வாழ்க்கை. நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் யக்ஷி இசக்கி ஆகிறாள், இசக்கியம்மன் ஆகிறாள். ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் அவளுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் அவளிடம்தான் போகிறார்கள். மண்ணில் செய்த உருவங்களை நேர்ந்து வைக்கிறார்கள். அங்கே அவளுக்கு ஆணி கிடையாது, பொங்கல் உண்டு. கொடை நாட்களில் வில்லுப்பாட்டுக்காரர் அவள் கதையை ஆதியிலிருந்து பாடுவார். மலையாளத்துப் பாட்டிகள் சுண்ணாம்பு கேட்பதிலிருந்து தொடங்கும் கதைக்கு, அங்கே ஒரு முற்பகுதி இருக்கிறது.

அந்த முற்பகுதி இதுதான். கோயில் நம்பி ஒருவன் தாசிப் பெண்ணிடம் பொருளை எல்லாம் இழக்கிறான். அவளுடைய தாய் அவனை விரட்டுகிறாள். பெண்ணோ அவனையே கணவனாக நினைத்து, நகைகளோடு பின்னால் வருகிறாள். காட்டில் களைத்துத் தூங்குகிறாள். நகைக்காக அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான் நம்பி. பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டும் சாட்சி. மறுபிறவியில் அவள் நீலி, அவன் வணிகன். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். இவள் பேய் என்று அவன் கதறுகிறான். ஊர்ப் பெரியவர்கள் 70 பேர் விசாரிக்கிறார்கள். புருஷன் பெண்சாதிச் சண்டை, ஒரு ராத்திரி ஒரே வீட்டில் இருந்தால் சரியாகிவிடும் என்று இருவரையும் உள்ளே விட்டுப் பூட்டுகிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். தவறான தீர்ப்புச் சொன்ன 70 பேரும் தீக்குளிக்கிறார்கள். திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூர் நீலி கதையும் ஏறக்குறைய இதேதான். ‘நீலிக் கண்ணீர்’ என்ற வசை அங்கிருந்து வந்தது.

இந்தக் கதைக்கு வடிவங்கள் பல. ஆனால் எல்லாவற்றிலும் முதல் குற்றம் அவன் செய்தது. அது நகைக்காகச் செய்த குற்றம். யக்ஷி பிறந்தது அந்தக் கல்லடியில். காலப்போக்கில் கதையின் முன்பாதி தேய்ந்து, கோரைப்பல்லும் கண்ணீரும் மட்டும் மிஞ்சின. நீலிக் கண்ணீர் என்றால் பொய்க் கண்ணீர் என்று தமிழ் அகராதியில் ஏறிவிட்டது. கொலையுண்ட பெண்ணின் அழுகை எப்படிப் பொய்யானது என்று யாரும் கேட்பதில்லை.

ஊர்ப் பெரியவர்கள் சொன்ன தீர்ப்புக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு: அனுசரித்துப் போ. விட்டுக்கொடு, ஒத்துப் போ என்று பொருள். கொஞ்சம் இரக்கம் கலந்த சொல். மலையாளத்திலும் இதே சொல் இருக்கிறது. அங்கே ‘அனுசரிக்கு’ என்றால் கீழ்ப்படி என்று அர்த்தம். ‘அனுசரண’ என்றால் கீழ்ப்படிதல். ஆசிரியர் மாணவனிடமும் அப்பா பிள்ளையிடமும் எதிர்பார்ப்பது அது. பாறசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தமிழ்ப் பெண்ணுக்கு அம்மா போனில் சொல்லும் வார்த்தையும் மாமியார் நேரில் சொல்லும் வார்த்தையும் ஒன்றே. ஒருத்தி இணங்கிப் போகச் சொல்கிறாள். இன்னொருத்தி கீழ்ப்படியச் சொல்கிறாள். நடைமுறையில் இரண்டுக்கும் ஒரே வேலைதான்: காலையில் முதலில் எழுவது, ராத்திரி கடைசியில் படுப்பது, போக வேண்டாம் என்றால் போகாமல் இருப்பது.

கணவன் வீடே பெண்ணின் வீடு என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் ஆதியிலிருந்து வந்த ஏற்பாடும் அல்ல. மருமக்கத்தாயம் இருந்த சமூகங்களில் பெண் தன் தாய்வீட்டிலேயே இருந்தாள். சொத்து தாய்வழியில் இறங்கியது. அதைப் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. அதிகாரம் காரணவர் கையில் இருந்தது. சங்கரன் தம்பியும் ஒரு காரணவர்தானே. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள்வழி என்ன செய்தது என்பதைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதிக் காட்டினார். ஒருவனுக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் தன் வாயாலேயே கதை சொல்கிறாள். சிரிக்க வைத்துக்கொண்டே நெஞ்சை அடைக்கும் நூல் அது. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்குச் சட்டம் வந்து பழைய முறை முடிவுக்கு வந்தது. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்த சட்டம் 1975-ஆம் ஆண்டினுடையது. அமலுக்கு வந்தது 1976 டிசம்பரில். 1975 என்பது அமெரிக்கத் தியேட்டர்களில் ஸ்டெப்ஃபோர்ட் மனைவிகள் தள்ளுவண்டி தள்ளிய அதே ஆண்டு.

தறவாடு பிரிந்து தனி வீடுகள் வந்தன. வளைகுடாப் பணம் வந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகள் மனைகளாயின. மதில் எழுந்தது, இரும்பு கேட் வந்தது. திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களின் புறநகர் இப்போது இது. பழைய கூட்டத்தில் பெண் அழுதால் நாலு பேர் காதில் விழும். புதிய வீட்டில் மதிலைத் தாண்டிச் சத்தம் போவதில்லை. கூடவே, பெண்ணோடு வரும் பவுன் கணக்கும் ஏறியது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. மனைவியைக் கொடுமை செய்வதைக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு 1983-ல் வந்தது. அந்தப் பிரிவின் சாரம் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 என்ற எண்களில் இருக்கிறது. நம்பி கல்லைத் தூக்கியது எதற்காகவோ அதற்காகவே இத்தனை பிரிவுகளும் எழுதப்பட்டன.

மலையாள சினிமா கடைசியில் அந்த மதிலுக்குள் நுழைந்தது. 2021 ஜனவரியில், பெரிய நிறுவனங்கள் வாங்க மறுத்து, நீஸ்ட்ரீம் என்ற சிறிய தளத்தில் வெளியானது ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. பேய் இல்லை, பூட்டிய அறை இல்லை, ரத்தம் இல்லை. நறுக்குவது, அரைப்பது, எச்சில் எடுப்பது, அடைத்துக்கொண்ட சாக்கடைத் தண்ணீரைத் துடைப்பது. அடுத்த நாளும் அதுவே. அந்த மனைவிக்கும் கணவனுக்கும் படத்தில் பெயர் கிடையாது. அவள் வெளியேறிய பிறகு என்ன நடக்கிறது? அவன் மறுமணம் செய்துகொள்கிறான். அதே அடுக்களையில் புதிதாக ஒருத்தி நிற்கிறாள். அவன் குடித்து வைத்த டம்ளரை எடுக்கிறாள். சூப்பர் மார்க்கெட்டில் நின்ற ஜோவன்னாவின் உருவம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. தொழிற்சாலைகூட வேண்டியிருக்கவில்லை, கல்யாணத் தரகர் போதும். 2023-ல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்க இது தமிழிலும் வந்தது.

சினிமாவுக்கு வெளியே, எல்லைப் பகுதியின் கதைகள் நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் முடிகின்றன. 2025-ல் அங்கிருந்து இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்று, எல்லைக்கு அப்புறத்துப் பெண் ஒருத்தி பாறசாலைக்காரனான காதலனுக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்துக் கொன்ற வழக்கு. வீட்டில் வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு அவன் தடையாக நின்றான் என்று கொன்றாள். 2022-ல் நடந்த குற்றத்துக்கு 2025 ஜனவரியில் அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இன்னொன்று, காரக்கோணம் பக்கத்தில் 2020 டிசம்பரில் நடந்தது. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன நிலையில், கணவன் மனைவியை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றான். அவனுக்கு ஆயுள் தண்டனை.

முதல் குற்றத்தைச் சிறிதாக்கிப் பேச எவருக்கும் உரிமை இல்லை. ஒரு பையன் துடிதுடித்துச் செத்தான்; அவன் வீடு இன்னும் அழுகிறது. கவனிக்க வேண்டியது ஊர் அந்த இரண்டையும் நினைவில் வைத்திருக்கும் விதம். அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. டி.வி.யிலும் யூடியூபிலும் அவள் முகம் மாதக்கணக்கில் ஓடியது. கேலிப் படங்கள், பாட்டுகள், கஷாயம் என்ற சொல்லை வைத்தே எத்தனையோ நகைச்சுவைகள். இரண்டாவது வழக்கில் தண்டனை பெற்ற ஆணுக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லை. பாறசாலைக்கு வெளியே அவன் முகம் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கொல்லும் பெண் யக்ஷி. அவளைப் பற்றிப் பேசப் பேச ஊருக்குச் சலிப்பதில்லை. கொல்லும் கணவன் ஒரு செய்தி. அடுத்த நாள் பேப்பரில் வேறொருவன் வருவான்.

2025 ஆகஸ்டில் நீலி மறுபடி திரைக்கு வந்தாள். டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா’ படத்தில் கள்ளியங்காட்டு நீலியாகக் கல்யாணி பிரியதர்ஷன். இம்முறை அவள் பலவீனர்களைக் காப்பாற்றும் வீராங்கனை. வசூலில் மலையாள சினிமாவின் முந்தைய சாதனைகளைப் படம் கடந்தது. பல தலைமுறைகளாகக் குழந்தைகளைப் பயமுறுத்தியவளைச் சிறுமிகள் கைதட்டி வரவேற்றது நல்ல மாற்றம். ஆனால் படம் சொல்லும் பூர்வ கதையில் அவள் காட்டுக்குடிப் பெண். அவளை அழிக்க வருவது அரசனின் ஆட்கள். சாதியின் கொடுமை அதில் இருக்கிறது. நகையும், தூங்கும் பெண்ணும், கல்லைத் தூக்கிய துணைவனும் இல்லை. அரசனோடு மோத நீலிக்குப் பல கோடி ரூபாய் செலவில் வாய்ப்புக் கிடைத்தது. புருஷனோடு அவளுக்கிருந்த பழைய வழக்கு விசாரணைக்கு வராமலே கிடக்கிறது.

வில்லுப்பாட்டு அந்த வழக்கை விடவில்லை. அங்கே கதையைப் பாதியிலிருந்து தொடங்க முடியாது. கல் விழ வேண்டும், கள்ளி சாட்சி சொல்ல வேண்டும், 70 பெரியவர்கள் கதவைப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகே நீலி பேயாக முடியும். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அவள்மீது வருவது பயம் மட்டுமல்ல. அதனால்தான் பிரசவ நேரத்தில் அவளை நம்பிக் கூப்பிடுகிறார்கள்.

கத்தனார் கதையிலும் ஒருத்தி இருக்கிறாள், யாரும் படம் எடுக்காத ஒருத்தி. தலைவாரிவிட்ட கிழவி. மந்திரம் தெரியாது, சபையும் சங்கமும் கிடையாது. கைவிரலில் ஏதோ நெருடியது, இது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது, பிடுங்கிவிட்டாள். எல்லையின் இரு பக்கத்திலும் திருவிழாவுக்கோ கொடைக்கோ பெண் தாய்வீடு வரும்போது அம்மா எண்ணெய் தேய்த்துத் தலைவாரிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. முகம் பார்க்காமல் பேச முடிகிற நேரம் அது. புகுந்த வீட்டுச் சங்கதிகள் பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வரும். மகள் பேச்சை நிறுத்தும் இடத்தில் சீப்பும் நிற்கிறது. அனுசரித்துப் போ என்று சொல்லிப் பின்னலை முடித்துவிடும் அம்மாக்கள் உண்டு. என்ன நடந்தது, முழுதாகச் சொல் என்று கேட்கிற அம்மாக்களும் உண்டு.